ஹிப்-ஹாப் எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹிப்-ஹாப் என்றதும் மைக் பிடித்து வேகமாகப் பேசுகிற ஆள்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறார். ஆனால் கதை அவரிடம் தொடங்கவில்லை, அவருக்குப் பின்னால் நின்று ரெக்கார்டு சுழற்றியவரிடம் தொடங்குகிறது. கீழே உள்ள பதில்களில் என் சாய்வும் அந்தப் பக்கம்தான். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஒரு இசைக்குப் பிறந்த தேதி இருக்க முடியுமா? ஆகஸ்ட் 11, 1973 என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்?

அது ஒரு பார்ட்டி நடந்த தேதி. நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருந்த சிண்டி கேம்பல் என்ற பெண்ணுக்கு, பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கக் காசு வேண்டியிருந்தது. கட்டடத்தின் பொது அறையைப் பிடித்தார். சிறு அட்டைகளில் கையால் எழுதி அழைப்பு கொடுத்தார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று நுழைவுக் கட்டணம். பாட்டுப் போட வீட்டிலேயே ஆள் இருந்தார்: 18 வயது அண்ணன் கிளைவ். அவரைத்தான் பின்னால் டிஜே கூல் ஹெர்க் என்று ஊர் உலகம் அறிந்தது.

அன்று ஆடிய யாருக்கும் புது இசை ஒன்று பிறந்துவிட்டதாகத் தோன்றியிருக்காது. தேதி பிற்பாடு நிலைபெற்றதுதான். 2007-ல் நியூயார்க் மாநிலம் அந்தக் கட்டடத்தை ஹிப்-ஹாப்பின் பிறப்பிடமாக அங்கீகரித்தது. 2021-ல் அமெரிக்க செனட் ஆகஸ்ட் 11-ஐக் கொண்டாட்ட நாளாக்கித் தீர்மானம் போட்டது. ஹெர்க் பெயரைச் சொல்பவர்களில் பாதிப் பேர் சிண்டியை விட்டுவிடுகிறார்கள். இடம் பிடித்து, ஆள் சேர்த்து, கல்லாவையும் பார்த்துக்கொண்டவர் அந்தத் தங்கைதான். இந்தத் துறையின் முதல் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் அவர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

பாட்டுப் போடுவது எந்த டிஜேவும் செய்வதுதானே. ஹெர்க் அப்படி என்ன புதிதாகச் செய்தார்?

கூட்டத்தைக் கவனித்தார். ஃபங்க் என்பது தாளத்தை முன்னிறுத்தும் கறுப்பு அமெரிக்க இசை. அந்தப் பாட்டுகளில் ஓர் இடம் வரும்: பாடகர் நிறுத்திவிடுவார், கிதாரும் பித்தளை வாத்தியங்களும் அடங்கிவிடும், டிரம்ஸும் கொஞ்சம் பேஸும் மட்டும் ஓடும். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வருமே, அதைச் சில நொடிகளுக்குச் சுருக்கியது போல. இதற்கு பிரேக் என்று பெயர். நல்ல ஆட்டக்காரர்கள் பாட்டு முழுக்கச் சுவரோரம் சாய்ந்து நின்று, இந்த இடம் வந்ததும் களத்தில் குதிப்பதை ஹெர்க் பார்த்தார். அப்படியென்றால் மீதிப் பாட்டு எதற்கு?

ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வாங்கினார். இரண்டு டர்ன்டேபிளில் வைத்தார். ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றொன்றில் அதே பிரேக்கைத் தொடங்கினார், முதல் ரெக்கார்டில் ஊசியைத் தூக்கி மறுபடி பழைய இடத்தில் வைத்தார். சில நொடிகள் ஓடி மறைய வேண்டிய தாளம் நிமிடக்கணக்கில் நீண்டது. இதற்கு அவர் வைத்த பெயர் மெர்ரி-கோ-ரவுண்ட். ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் பாட்டுகளும், இன்கிரெடிபிள் போங்கோ பேண்ட் வாசித்த ‘அப்பாச்சி’யும் அவருடைய பெட்டியில் எப்போதும் இருந்தவை. அந்த பிரேக்குக்காகவே காத்திருந்து ஆடிய பையன்களை பிரேக் பாய்ஸ் என்றார். பி-பாய் என்று இன்றும் புழங்குவது அதுதான்.

அதுவரை டிஜே என்பவர் வேறொருவர் செய்த பாட்டை ஒலிபரப்புகிறவர். இங்கே அவரே அந்தப் பாட்டை அறுத்துத் தனக்கு வேண்டிய பாட்டாக ஒட்டத் தொடங்கினார். அடுத்த ஐம்பது ஆண்டு ஹிப்-ஹாப்புக்கு இந்த ஒரு யோசனைதான் அஸ்திவாரம்.

ஏன் பிராங்க்ஸ்? நியூயார்க்கில் வேறு இடமே இல்லையா?

ராபர்ட் மோசஸ் என்ற பெரும் அதிகாரி 1948-ல் தொடங்கிய கிராஸ் பிராங்க்ஸ் விரைவுச்சாலை, அந்தப் பகுதியை நடுவாக வெட்டிக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு இழந்தன. வசதி இருந்தவர்கள் வெளியேறினார்கள். வாடகை வராத கட்டடத்தைப் பராமரிப்பதைவிடக் கொளுத்திவிட்டுக் காப்பீட்டுப் பணம் வாங்குவது லாபம் என்று சில வீட்டுச் சொந்தக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். 1970-களில் தெற்கு பிராங்க்ஸில் தெருத்தெருவாக எரிந்த கதை இதுதான். 1975-ல் நகராட்சியே திவாலாகும் நிலைக்கு வந்தபோது பள்ளிகளின் இசை வகுப்புகளுக்கும் வெட்டு விழுந்தது.

இளைஞர் கும்பல்களின் சண்டையும் சேர்ந்துகொண்டது. 1971 டிசம்பரில் சமாதானம் பேசப் போன ஓர் இளைஞரை அடித்துக் கொன்றார்கள். பழிவாங்கக் கிளம்பாமல் கெட்டோ பிரதர்ஸ் என்ற அவருடைய குழு எல்லாக் கும்பல்களையும் ஹோ அவென்யூவில் கூட்டி ஒப்பந்தம் போட வைத்தது. அடுத்த தெருவுக்குள் கால் வைத்தால் அடி விழும் என்ற நிலை அதன்பின் கொஞ்சம் தளர்ந்தது. தளராமல் இருந்திருந்தால் ஹெர்க்கின் பார்ட்டிக்கு எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று தெரியவில்லை. பிளாக் ஸ்பேட்ஸ் கும்பலிலிருந்து வந்த ஆப்பிரிக்கா பம்பாட்டா, பிறகு ஜூலு நேஷன் என்ற அமைப்பைத் தொடங்கி, சண்டைக்காரர்களை ஆட்டக்காரர்களாக்கப் பார்த்தார். (பிற்காலத்தில் அவர்மீது பாலியல் குற்றச்சாட்டுகள் எழுந்தன, அவர் மறுத்தார். அவர் பெயரைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.)

மன்ஹாட்டன் டிஸ்கோவுக்குப் போக இந்தப் பிள்ளைகளிடம் பணமும் இல்லை, வயதும் இல்லை. பூங்காவில் கூடினார்கள். தெருவிளக்குக் கம்பத்தின் அடிமூடியைத் திறந்து, வயரைக் கொக்கி போட்டு, ஸ்பீக்கருக்கு மின்சாரம் எடுத்தார்கள். 1977 ஜூலையில் நகரமே இருண்ட மின்வெட்டு இரவில் கடைகள் சூறையாடப்பட்டன. அந்த வாரம் பிராங்க்ஸில் டிஜேக்கள் திடீரெனப் பெருகிவிட்டார்கள் என்று பழைய ஆட்கள் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. கொஞ்சம் மிகைதான். ஆனால் அன்று டிஜேக்களுக்கான மிக்சர் கருவியைத் தூக்கியதை ஒப்புக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

ஹெர்க் ஜமைக்காவில் பிறந்தவராமே. அப்படியானால் இது ஜமைக்கா இசையா?

கிங்ஸ்டனில் பிறந்து 1967-ல் பிராங்க்ஸ் வந்தவர். தெருவில் ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கி, யார் சத்தம் பெரிது என்று போட்டி போடும் ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம் வழக்கம் அவருக்குப் பழக்கம். எதிராளி பெயரைப் படித்துவிடக் கூடாதென்று ரெக்கார்டின் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடும் தந்திரமும் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் பிராங்க்ஸ் கூட்டம் ரெகேவுக்கு ஆடவில்லை, அமெரிக்க ஃபங்க்குக்குத்தான் ஆடியது. ராப்பின் பேச்சுப் பாணிக்கு, ஓடும் பாட்டின் மேல் மைக்கில் பேசும் ஜமைக்காவின் டோஸ்டிங் வழக்கம்தான் மூலமா என்று கேட்டபோது ஹெர்க்கே மறுத்து, ஜேம்ஸ் பிரவுனைக் காட்டியிருக்கிறார். கருவி ஜமைக்காவுடையது, சரக்கு கறுப்பு அமெரிக்காவுடையது என்று வைத்துக்கொள்ளலாம்.

ரெக்கார்டை முன்னும் பின்னும் தேய்க்கும் அந்தச் சத்தம் யார் கண்டுபிடிப்பு?

இரண்டு பேரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹெர்க் ஊசியைக் குத்துமதிப்பாகத்தான் வைப்பார், தாளம் சில சமயம் முட்டும். பார்படோஸில் பிறந்த ஜோசப் சாட்லர், அதாவது கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். இந்த முட்டல் அவருக்குப் பொறுக்கவில்லை. பிரேக் தொடங்கும் இடத்தை ரெக்கார்டின் மீது கிரேயானால் கோடு போட்டுக் குறித்தார். கடிகார முள்போல அந்தக் கோடு எத்தனை சுற்றுப் பின்னால் வர வேண்டும் என்று எண்ணி, விரலால் ரெக்கார்டையே பின்னுக்குச் சுழற்றினார். அடுத்த ரெக்கார்டைக் கூட்டத்துக்குக் கேட்காமல் ஹெட்போனில் தான் மட்டும் கேட்க ஒரு சுவிட்சைத் தானே பொருத்திக்கொண்டார். ரெக்கார்டு மேல் விரல் படக் கூடாது என்று வளர்ந்த தலைமுறைக்கு இது அபச்சாரமாகத் தெரிந்திருக்கும்.

தியோடோர் லிவிங்ஸ்டன் அவரை அருகிலிருந்து பார்த்து வளர்ந்த சிறுவன். 1970-களின் நடுவில் ஒருநாள் அறையில் சத்தமாகப் பாட்டு ஓட, அம்மா கதவைத் தட்டித் திட்டத் தொடங்கினார். பையன் ஓடும் ரெக்கார்டைக் கையால் பிடித்து நிறுத்தினான். பிடித்த கை லேசாக முன்னும் பின்னும் அசைய, ஹெட்போனில் ஒரு கீறல் சத்தம். அம்மா போன பிறகு அதையே மறுபடி செய்து பார்த்தான். கிராண்ட் விசர்ட் தியோடோர் என்று பின்னால் பெயர் எடுத்த அவரே பலமுறை சொன்ன கதை இது. ஸ்க்ராட்ச் அப்படித்தான் வந்தது.

அப்படியானால் ராப் எப்போது வந்தது?

தாளத்தின் மேல் எதுகையோடு பேசும் ராப், டிஜேவுக்குத் துணையாக வந்தது. ஹெர்க்கின் நண்பர் கோக் லா ராக், மைக்கில் வந்திருக்கும் நண்பர்கள் பெயரைச் சொல்லிக் கலாய்ப்பார், கார் வழியை மறிக்கிறது என்று அறிவிப்பார், இடையிடையே இரண்டு வரி எதுகையோடு விடுவார். ஃபிளாஷுக்கு வேறு சிக்கல். அவர் கைவேலையைப் பார்த்துக் கூட்டம் ஆடாமல் வாய் பிளந்து நின்றுவிட்டது. கூட்டத்தைக் கிளப்ப மைக் பிடித்துப் பேசும் எம்சி தேவைப்பட்டார். கவ்பாய், மெல்லி மெல், கிட் கிரியோல் என்று சேர்ந்து ஃபியூரியஸ் ஃபைவ் ஆனது. வரிகளைப் பங்குபோட்டு ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் எடுப்பது இவர்களிடம் மெருகேறியது.

ஹிப்-ஹாப்பும் ராப்பும் ஒன்றுதானா?

இல்லை. டிஜே, எம்சி, பிரேக் ஆட்டம், சுவரில் வரையும் கிராஃபிட்டி நான்கும் சேர்ந்தது ஹிப்-ஹாப். எம்சி செய்வதுதான் ராப், அந்த நான்கில் ஒன்று.

முதல் ராப் ரெக்கார்டு எது? அதில் ஏதோ திருட்டுக் கதை உண்டாமே?

1979 வரை யாரும் ரெக்கார்டே போடவில்லை. மணிக்கணக்கில் ஓடும் பார்ட்டியை எப்படி ஒரு வட்டில் அடைப்பது என்பதே அந்த ஆட்களுக்குப் புரியவில்லை. அந்த ஆண்டு ஃபேட்பேக் பேண்டின் ‘கிங் டிம் III’ முந்திக்கொண்டது. ஆனால் உலகத்துக்குச் சேதி சொன்னது ‘ராப்பர்ஸ் டிலைட்’தான்.

நியூ ஜெர்சியில் ஷுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் நடத்திய சில்வியா ராபின்சன், தாமே பாடகி. ராப் விற்கும் என்று மோப்பம் பிடித்தார். ஆனால் பிராங்க்ஸின் பெரிய பெயர்கள் யாரும் கையில் இல்லை. பீட்சா கடையில் வேலை பார்த்துக்கொண்டே ராப் முணுமுணுத்த பிக் பேங்க் ஹேங்க் என்பவரையும் இன்னும் இருவரையும் பிடித்துப் போட்டு ஷுகர்ஹில் கேங் என்று பெயர் வைத்தார். 14 நிமிடத்துக்கும் மேல் ஓடும் பாட்டு. பின்னணியில் டிஜே இல்லை! சிக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ பேஸ் வரியை வாத்தியக்காரர்கள் அப்படியே வாசித்தார்கள். இரண்டு விதத்தில் பஞ்சாயத்து. சிக் குழுவின் நைல் ராட்ஜர்ஸ் ஒரு கிளப்பில் பாட்டைக் கேட்டுவிட்டு வழக்குப் போடுவதாகச் சொல்ல, அவருக்கும் பெர்னார்ட் எட்வர்ட்ஸுக்கும் பாட்டில் பெயரும் பங்கும் கிடைத்தன.

இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. ஹேங்க் பாடியது பிராங்க்ஸ் எம்சி கிராண்ட்மாஸ்டர் கேஸ் எழுதிய வரிகள். கேஸுக்கு கேசனோவா ஃபிளை என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. ஹேங்க் அந்த வரிகளை எவ்வளவு கண்மூடித்தனமாக ஒப்பித்தார் என்றால், பாட்டுக்குள் ‘நான்தான் இன்னார்’ என்று எழுத்துக்கூட்டிச் சொல்லும் இடத்தில் கேஸின் பெயரையே எழுத்துக்கூட்டியிருக்கிறார். உலகம் முழுக்க விற்ற ரெக்கார்டில் எழுதியவர் பெயர் பாட்டுக்குள் இருக்கிறது, உறையில் இல்லை.

ராப் சமூகப் பிரச்சினை பேசத் தொடங்கியது எப்போது?

1982-ல் வந்த ‘தி மெசேஜ்’. சேரி வாழ்க்கையை, உடைந்த கண்ணாடியும் மூத்திர நாற்றமும் உட்பட, மெதுவான தாளத்தில் சொன்ன பாட்டு. வேடிக்கை என்னவென்றால், பாட்டு யார் பெயரில் வந்ததோ அந்த ஃபிளாஷ், ஃபியூரியஸ் ஃபைவ் குழுவுக்கே அது பிடிக்கவில்லை. பார்ட்டிக்கு வருபவன் வீட்டுப் பிரச்சினையை ஏன் கேட்பான் என்பது அவர்கள் வாதம். ஷுகர் ஹில் நிறுவனத்தில் வாசித்துக்கொண்டிருந்த டியூக் பூட்டி எழுதியதில் பெரும்பகுதி, மெல்லி மெல் சேர்த்தது மீதி. உறையில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் பெயர் பெரிதாக இருந்தாலும் பாட்டில் அவர் கைவண்ணம் ஏறக்குறைய இல்லை. டிஜே பின்னுக்குப் போய் எம்சி முன்னுக்கு வந்த தருணம் எது என்று கேட்டால் இந்த ரெக்கார்டைத்தான் காட்டுவேன்.

808 என்று ராப்பர்கள் அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-ல் விட்ட தாள இயந்திரம், டிஆர்-808. நிஜ டிரம்ஸ் போல ஒலிக்கவில்லை என்று விலைபோகவில்லை. சுமார் 12,000 செய்து 1983-ல் நிறுத்திவிட்டார்கள். அடகுக் கடைகளுக்கும் பழைய சாமான் கடைகளுக்கும் சல்லிசாக வந்தது. காசில்லாத பிள்ளைகள் வாங்கினார்கள். 1982-ல் பம்பாட்டாவின் ‘பிளானட் ராக்’, ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் மெட்டை இந்த இயந்திரத்தின் மேல் ஏற்றியது. வயிற்றில் அதிரும் அந்த நீண்ட பேஸ் டிரம் டிராப் என்ற இன்றைய ராப் பாணி வரை மறையாமல் தொடர்கிறது.

மற்றவர் பாட்டிலிருந்து துண்டு எடுத்துத் தன் பாட்டில் ஒட்டுவது, அதாவது சாம்பிள் செய்வது, திருட்டு இல்லையா?

எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதலில் வேலை எப்படி நடந்தது என்று பாருங்கள். 1987-ல் வந்த எஸ்பி-1200 என்ற சாம்பிள் இயந்திரத்தில் மொத்தமே 10 நொடி ஒலிதான் பதிவாகும். அதனால் 33 வேக ரெக்கார்டை 45 வேகத்தில் ஓட்டிப் பதிவார்கள். நேரம் மிச்சம். பிறகு இயந்திரத்துக்குள் வேகத்தைக் குறைப்பார்கள். அப்படிக் குறைக்கும்போது ஒலி கொஞ்சம் மொறமொறப்பாகிவிடும். அந்தக் காலத்து நியூயார்க் ரெக்கார்டுகளின் அழுக்கான, கனமான சத்தம் இந்தச் சிக்கனத்தில் பிறந்தது. பப்ளிக் எனிமி குழுவின் 1988 ஆல்பத்தில் ஒரே பாட்டுக்குள் பல துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும்.

1991-ல் கதை மாறியது. கில்பர்ட் ஓ’சல்லிவனின் பாட்டை அனுமதியில்லாமல் எடுத்ததற்காக ராப்பர் பிஸ் மார்க்கி மீது வழக்கு. நியூயார்க் நீதிபதி கெவின் டஃபி தீர்ப்பை ‘களவு செய்யாதிருப்பாயாக’ என்ற பைபிள் கட்டளையோடு தொடங்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி, ஒவ்வொன்றுக்கும் பணம். இருபது துண்டு ஒட்டிய பாட்டு கட்டுப்படியாகாது. இரண்டு துண்டு ஒட்டிய பாட்டு வந்தது. டி லா சோல் குழுவின் 1989 ஆல்பம் இந்த உரிமைச் சிக்கலில் மாட்டி, 2023 மார்ச்சில்தான் ஸ்ட்ரீமிங்குக்கே வந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு குழுவின் டிருகாய் இறந்துபோனார்.

சட்டத்தைத் திட்டிவிட்டு நழுவ எனக்கு மனமில்லை. மறுபக்கமும் இருக்கிறது. 1969-ல் வின்ஸ்டன்ஸ் குழுவின் ‘ஆமென், பிரதர்’ பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த ஏழு நொடி டிரம்ஸ், ஆயிரக்கணக்கான பாட்டுகளில் இருக்கிறது. அவருக்கு அதற்காக ஒரு பைசா வரவில்லை. 2006-ல் வீடில்லாத மனிதராக இறந்தார். ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டுக்கும் இதே நிலை. பாட்டின் உரிமை அவரிடம் இல்லாததால் வழக்குப் போடவும் வழியில்லை. சட்டம் மெட்டுக்குப் பணம் கொடுக்கும், பாட்டு வரிக்குக் கொடுக்கும். தாளம் வாசித்தவருக்குக் கொடுக்காது. தாளத்தின் மேலேயே கட்டிய இசைக்கு இது பெரிய ஓட்டை.

கும்பல் வாழ்க்கையைப் பாடும் கேங்ஸ்டா ராப் ஏன் அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் எழுந்தது?

பிலடெல்ஃபியாவின் ஸ்கூலி டி 1985-லேயே அந்தப் பாணியில் பாடிவிட்டார். ஆனால் லாஸ் ஏஞ்சலிஸில் கிராக் போதை, கும்பல், போலீஸ் அடக்குமுறை மூன்றும் ஒன்றாகக் கொதித்தன. அங்குள்ள காம்ப்டனின் என்.டபிள்யூ.ஏ. குழு 1988-ல் போலீஸைக் கெட்ட வார்த்தையில் திட்டிப் பாட, மறு ஆண்டு எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் ரெக்கார்டு நிறுவனத்துக்குக் கடிதமே எழுதினார். அதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா? ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீசார் அடித்த வழக்கின் தீர்ப்பில் 1992-ல் நகரம் எரிந்தபோது, இந்தப் பாட்டுகள் முன்பே சொன்னதாகப் பலருக்கும் தோன்றியது.

அதே ஆண்டு டிசம்பரில் என்.டபிள்யூ.ஏ.விலிருந்து வந்த டாக்டர் டிரேயின் ‘தி குரோனிக்’ ஆல்பம். பழைய ஃபங்க் மெட்டுகளை வாத்தியக்காரர்களை வைத்து மறுபடி வாசிக்கவைத்தார். ரெக்கார்டிலிருந்து நேராக எடுப்பதைவிட இதில் உரிமைச் செலவு குறைவு. அந்த வழவழப்பான ஒலிக்குப் பின்னாலும் மேலே சொன்ன தீர்ப்பின் நிழல் உண்டு. பெண்களைப் பற்றி இந்தப் பாட்டுகளில் வரும் பேச்சை நியாயப்படுத்த நான் தயாரில்லை. மேற்குக் கடற்கரையின் ராப்பர் டூபாக் 1996 செப்டம்பரிலும் நியூயார்க்கின் ராப்பர் பிக்கி 1997 மார்ச்சிலும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவருக்கு 25 வயது, மற்றவருக்கு 24. கிழக்கு, மேற்குச் சண்டையை வைத்துப் பத்திரிகை விற்றவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

பெண்கள் எங்கே?

தொடக்கம் முதலே இருக்கிறார்கள். ஷா-ராக் இருந்த ஃபங்கி ஃபோர் பிளஸ் ஒன் குழு 1981-லேயே அமெரிக்கத் தேசியத் தொலைக்காட்சியில் பாடியது. 1984-ல் 14 வயது ரோக்சான் ஷான்டே, துணி துவைக்கப் போகும் வழியில் பக்கத்துக் கட்டடத்தில் இசைத் தயாரிப்பாளர் மார்லி மார்லின் வீட்டுக்குள் நுழைந்து, யோசிக்காமல் அடித்துவிட்ட பாட்டு பெரிய ஹிட். எதிர்ப்பாட்டுகள் வரிசைகட்டி வந்தன. 1999-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கிய முதல் ஹிப்-ஹாப் ஆல்பம் லாரின் ஹில்லுடையது.

இன்று எங்கே திரும்பினாலும் அட்லாண்டா பாணிதானே ஒலிக்கிறது?

1995-ல் நியூயார்க்கில் நடந்த சோர்ஸ் விருது விழாவில், அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் குழு விருது வாங்க மேடையேறியபோது கூட்டம் கூச்சல் போட்டது. தெற்கிடமும் சொல்வதற்குச் சேதி இருக்கிறது என்று குழுவின் ஆந்த்ரே 3000 மைக்கில் சொல்லிவிட்டு இறங்கினார். ஹூஸ்டனில் டிஜே ஸ்க்ரூ பாட்டுகளின் வேகத்தைக் குறைத்து, தேன் வடிவதுபோல் ஓடவிட்ட கேசட்டுகளை வீட்டிலிருந்தே விற்றுக்கொண்டிருந்தார். அட்லாண்டாவில் 808 பேஸும் படபடக்கும் ஹை-ஹேட்டும் சேர்ந்து டிராப் ஆனது. 2017-ல் அமெரிக்காவில் அதிகம் கேட்கப்படும் இசை வகை ஆர் அண்ட் பி, ஹிப்-ஹாப் என்று கணக்கு வந்தது. 2018-ல் ராப்பர் கென்ட்ரிக் லமாருக்கு புலிட்சர் பரிசு.

தமிழில் ராப் எப்போது?

சினிமாவில் 1994-ல் ஏ.ஆர். ரஹ்மானின் ‘பேட்டை ராப்’ பலருக்கு முதல் அறிமுகம். ஆனால் ஹிப்-ஹாப் பண்பாட்டோடு வந்தது மலேசியாவிலிருந்துதான். போயட்டிக் அம்மோ குழுவில் இருந்த யோகி பி, நட்சத்திராவோடு 2006-ல் ‘வல்லவன்’ ஆல்பம் கொண்டுவந்தார். இளையராஜாவின் ‘மடை திறந்து’ பாட்டை எடுத்து அதன்மேல் ராப் ஏற்றினார்கள். பிராங்க்ஸ்காரர்கள் ஜேம்ஸ் பிரவுனிடம் போனதுபோல் இவர்கள் ராஜாவிடம் போனார்கள். இதுதான் சரியான வழி. யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து லண்டனுக்கு அகதியாகப் போன மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2008-ல் அமெரிக்கப் பாடல் பட்டியலில் நான்காம் இடம் வரை போனார். கோவையின் ஹிப்ஹாப் தமிழா, 2018-ல் சென்னையில் கானாவையும் ராப்பையும் சாதி எதிர்ப்பையும் ஒரே மேடையில் ஏற்றிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், அதிலிருந்து வந்த அறிவு என்று இந்தக் கிளைக்குத் தனிப் பக்கமே போடலாம்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் எதிலிருந்து தொடங்கலாம்?

ராப்பை ஒதுக்கிவிட்டு ‘அப்பாச்சி’யையும் ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டையும் முதலில் கேளுங்கள். எந்த இடத்தில் மற்ற வாத்தியங்கள் அடங்கி டிரம்ஸ் மட்டும் நிற்கிறது என்று காது கண்டுபிடிக்கட்டும். அடுத்து 1981-ல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் டர்ன்டேபிள்களை வைத்தே செய்து வெளியிட்ட ‘வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்’ ரெக்கார்டு. கணினி இல்லை, ஒட்டுவேலை இல்லை, கையும் ரெக்கார்டும்தான். இந்த மூன்றும் பிடித்துவிட்டால் பப்ளிக் எனிமி, டி லா சோல், அவுட்காஸ்ட் என்று எந்தப் பக்கம் போனாலும் வழி தெரியும். ஹெட்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் 808 கேட்கவே கேட்காது.